டொல்பின் வேன் சைலன்சர் நட்டு கறள் பிடித்து இறுகிவிட்டது, ஸ்டட் (நட்டு ஏறும் மரைக் கம்பி) உடையாமல் கழற்ற வழி உண்டா?

கேட்டவர், கல்லடி:

வணக்கம் அண்ணன்மாரே. அப்பாவின் பழைய டீசல் டொல்பின் வேன், வாழைச்சேனையிலிருந்து மீன் ஏற்றி ஏற்றி ஐஸ் தண்ணீர் வடிந்து அடிப்பக்கம் முழுக்கக் கறள். எஞ்சின் புகையைச் சேர்த்து வெளியே விடும் மெனிபோல்டும் சைலன்சரின் முன் குழாயும் சேரும் இடத்தில், நடுவில் கசிவை அடைக்கும் காஸ்கட் போய் டப் டப் என்று சத்தம், எஞ்சின் இருக்கைக்குக் கீழே என்பதால் புகை உள்ளேயும் வருகிறது. மூன்று நட்டில் ஒன்று கழன்றது, மற்ற இரண்டும் கிறுகவேயில்லை. 14 மில்லிமீட்டர் சொக்கட் போட்டு இழுத்ததில் ஒன்றின் மூலை தேய்ந்து வழுக்குகிறது. டபிள்யூடி 40 மூன்று தரம் அடித்தும் பலனில்லை. ஒரு மெக்கானிக் பாஸ் கேஸ் நெருப்பு வைத்து வெட்டுவோம் என்கிறார், மெனிபோல்டுக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில், கல்முனை:

தம்பி, முதலில் ஒன்று. புகை உள்ளே வருகிற வேனைக் கண்ணாடி மூடிக்கொண்டு ஓட்டாதீர்கள், அதில் வரும் கார்பன் மோனொக்சைட்டுக்கு மணமே கிடையாது.

சாதாரண டபிள்யூடி 40 ஈரத்தை விரட்டச் செய்த சாமான், இறுகிய மரைக்குள் இறங்கும் வேலைக்கு அது போதாது. கறளைக் கம்பி பிரஷால் உரசிவிட்டு, துருவுக்கென்றே விற்கிற ஊடுருவும் எண்ணெயை இரவே அடித்து விடுங்கள், காலையில் இன்னொரு தரம். வழுக்கும் நட்டுக்குப் பன்னிரண்டு மூலை சொக்கட் போடவே வேண்டாம், ஆறு மூலை 13 சொக்கட்டைச் சுத்தியலால் தட்டி ஏற்றுங்கள். எடுத்ததும் கழற்றப் பார்க்காமல் முதலில் கொஞ்சம் இறுக்குகிற பக்கம் அசையுங்கள், மறுகா கழற்றுகிற பக்கம், அப்படியே முன்னும் பின்னும். நீண்ட பைப் போட்டு ஒரே இழுவை இழுத்தால் ஸ்டட் முறியும். மெனிபோல்ட் வார்ப்பிரும்பு, அதன் காது (ஸ்டட் ஏறியிருக்கும் விளிம்பு) வெடித்தால்தான் உண்மையான செலவு.

கேட்டவர், கல்லடி:

நன்றி காக்கா. இரண்டு இரவு ஊறப் போட்டேன், ஒன்று கால் சுற்று வந்து நின்றுவிட்டது, மற்றது அப்படியே நிற்கிறது. இனி நெருப்புத்தானா?

பதில், அக்கரைப்பற்று:

ஓம் மகன், ஆனால் வெட்டுவதற்கில்லை, சூடாக்குவதற்கு. அடித்த எண்ணெயை நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள், இல்லாவிட்டால் பற்றிக்கொள்ளும். பிரேக் கிளீனர் அடித்திருந்தால் நெருப்பே கிட்ட வேண்டாம், குளோரின் உள்ள வகை சூட்டில் நச்சு வாயுவாகும். டீசல் பைப்பையும் பிரேக் பைப்பையும் ஈரச் சாக்கால் மூடுங்கள், வண்டி ஜாக்கியில் மட்டும் நிற்கக் கூடாது.

கேஸ் நெருப்பை நட்டில் மட்டும் காட்டுங்கள், ஸ்டட்டில் வேண்டாம். நட்டு விரிந்தால்தான் பிடி தளரும். மங்கிய சிவப்பு வந்ததும் நெருப்பை எடுத்து, சூடு கொஞ்சம் இறங்கியபின் மரை ஓரத்தில் மெழுகுதிரியைத் தொட்டால் மெழுகு உருகி உள்ளே இறங்கும். ஸ்டட் முறிந்தாலும் கலங்க வேண்டாம், மிச்சத் துண்டின் மேல் புது நட்டு வைத்து உள்ளே வெல்டிங் பிடித்தால், அந்தச் சூடே பாதி வேலையைச் செய்யும்.

கேட்டவர், கல்லடி:

முடிந்தது! பாஸிடம் வெட்ட வேண்டாம் என்று கெஞ்சிச் சூடாக்கச் சொன்னேன். மெழுகு தொட்டதும் வெள்ளைப் புகை எழும்பியது, சொக்கட் போட்டால் கிறீச் என்று ஒரு சத்தம், அப்புறம் பழுப்புத் தூள் உதிர உதிர வந்துவிட்டது. மற்றது முறிந்தது, நீங்கள் சொன்னபடி நட்டு வெல்டிங் பிடித்தோம், இரண்டாவது தரம்தான் பிடித்தது. காது தப்பியது. புது ஸ்டட், பித்தளை நட்டு, காஸ்கட் எல்லாம் போட்டாயிற்று. மரையில் என்ன பூசலாம்?

பதில், கல்முனை:

சூடு தாங்கும் அன்டி சீஸ் (மரை இறுகிப் பிடிக்காமல் தடுக்கும் பசை) பூசுங்கள் தம்பி, சாதாரண கிறீஸ் எரிந்துவிடும். பூசிய மரை லேசாகச் சுற்றும், அதனால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைவாக இறுக்குங்கள். இரண்டு மூன்று நாள் ஓடியபின், எஞ்சின் ஆறியிருக்கும்போது ஒருதரம் இறுக்கம் பாருங்கள். மீன் இறக்கிய அன்றே அடிப்பக்கத்துக்கு நல்ல தண்ணீர் அடித்து உப்பைக் கழுவிவிடுங்கள்.