எதிர் மலையில் தெரிந்தது புகையா, மூட்டமா? விதிவிலக்கு வந்தால் விழும் முடிவு தர்க்கமா?

கொட்டகலை வாத்தியார்:
பேராதனைப் பழசு நேற்று எழுதியது இது: "விதிவிலக்கு வந்ததும் கைவிட வேண்டிய முடிவு தர்க்கம் ஆகாது. அது வெறும் ஊகம். கணினிக்காரர்கள் 1980இல் போட்ட ஒட்டு." இதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை. கணினி அறிஞர்கள் ரேமண்ட் ரைட்டரும் ஜோன் மெக்கார்த்தியும் 1980இல் இதைப் பற்றி எழுதியது உண்மைதான். ஆனால் சட்ட அறிஞர் எச்.எல்.ஏ. ஹார்ட் 1949இலேயே இதைப் பேசிவிட்டார். ஒப்பந்தம் செல்லும் என்கிறோம். மிரட்டிக் கையெழுத்து வாங்கியது தெரிந்தால் செல்லாது என்கிறோம். அதனால் முதலில் சொன்னது முட்டாள்தனமா?

மெய்யியலாளர் ஜோன் பொலொக் இன்னும் தெளிவாக்கினார். ஒரு முடிவை இரண்டு வழியில் தகர்க்கலாம். எதிரான முடிவுக்குச் சான்று காட்டலாம். அல்லது சான்றுக்கும் முடிவுக்கும் உள்ள தொடர்பை அறுக்கலாம். எங்கள் ஊரையே எடுங்கள். எதிர் மலையில் வெள்ளையாக எழும்புகிறது. நெருப்பு என்கிறேன். இது மூட்டம் இறங்கும் நேரம் என்று ஒருவர் சொன்னதும் விட்டுவிடுகிறேன். நெருப்பு இல்லை என்று யாரும் நிறுவவில்லை. தொடர்புதான் அறுந்தது.

பேராதனைப் பழசு:
"இந்த மலையில் நெருப்பு உண்டு, புகை இருப்பதால், அடுக்களை போல." மணிமேகலையிலேயே இருக்கும் அனுமானம் இது. அங்கே புகை என்றால் புகை. நீங்கள் பார்த்தது மூட்டம். எடுகூற்றே, அதாவது முடிவுக்கு ஆதாரமாக வைத்த கூற்றே, பொய். பொய்யான எடுகூற்றில் வந்த முடிவு விழுந்தால் அதற்குப் புதிய தர்க்கம் எதற்கு? உயர்தரத்துக்கு அளவையியல் (தர்க்கப் பாடம்) படிக்கும் பிள்ளைக்கே இது தெரியும்.

கொட்டகலை வாத்தியார்:
உயர்தரப் பிள்ளைகளுக்கு அளவையியல் சொல்லிக்கொடுப்பவன் நான். என் எடுகூற்று "வெள்ளையாக எழும்புகிறது". புகை என்ற சொல்லே அதில் இல்லை. திரும்பப் படியுங்கள். மூட்டம் என்று தெரிந்த பிறகும் அது வெள்ளையாகத்தான் எழும்புகிறது.

லிந்துலைக்காரி:
மூட்டத்தை விடுங்களேன். பறவைகள் பறக்கும், டுவீட்டி ஒரு பறவை, ஆகவே பறக்கும். டுவீட்டி பென்குயின் என்று தெரிந்ததும் அந்த முடிவு போகிறது. பறவை என்றது இன்னும் உண்மைதானே? பழசு சேர் இதற்குப் பதில் சொல்லட்டும்.

பேராதனைப் பழசு:
தங்கச்சி, "எல்லாப் பறவையும் பறக்கும்" என்பது பொய். "பெரும்பாலும்" என்றால் நிகழ்தகவு. அதற்குக் கணக்கு இருக்கிறது. வாத்தியார் பார்த்தது மூட்டம். மூட்டத்தைப் பார்த்துப் புகை என்று எண்ணியது தவறு. தவறுக்குத் தத்துவப் பெயர் வைக்காதீர்கள்.

கொட்டகலை வாத்தியார்:
கணக்கு என்றால் எண் எங்கே? ரைட்டரின் விதிக்கு எண் வேண்டாம். பறவை என்று தெரியும். பறக்கும் என்பது தெரிந்த வேறெதனோடும் முரண்படவில்லை. ஆகவே பறக்கும் என்று கொள். பழைய தர்க்கத்தில் எடுகூற்றைக் கூட்டினால் முடிவு குறையாது. இங்கே குறையும். மனிதர் யோசிப்பது இப்படித்தான், இயந்திரத்துக்கும் இதைத்தான் சொல்லிக்கொடுக்கப் பார்த்தார்கள். அப்புறம், மறுபடியும் சொல்கிறேன்: நான் புகை என்று சொல்லவில்லை.

ஊவாக்காரி:
இரண்டு பேரும் மேற்குப் பக்கத்தை மட்டும் மலைநாடு என்று நினைக்கிறீர்களா? ஜூலை, ஆகஸ்டில் உங்களுக்குத் தென்மேற்குப் பருவ மழையும் மூட்டமும். எங்கள் பண்டாரவளைப் பக்கம் அப்போது காற்று காய்ந்து வீசும். மானாப்புல் பற்றி எரியும் காலம் அது. அந்த மாதத்தில் இங்கே மலையில் வெள்ளையாக எழும்பினால் முதலில் நெருப்பு என்றுதான் ஓட வேண்டும். அதே காட்சி, இரண்டு பக்கத்தில் இரண்டு முடிவு. எந்தப் பக்கம் என்ற விவரம் பொதுவிதியை வெல்லும்.

கொட்டகலை வாத்தியார்:
அக்கா சொல்வது என் பக்கத்துக்கே பலம்.

ஊவாக்காரி:
நான் யார் பக்கமும் இல்லை. ஹப்புத்தளை மூட்டத்தைப் பார்க்காமல் மூட்டத்தைப் பற்றிப் பேசாதீர்கள் என்கிறேன்.

லிந்துலைக்காரி:
என் பென்குயின் எங்கே போனது?

பேராதனைப் பழசு:
உங்கள் பொதுவிதி எங்கே கொண்டுபோய் விடும் என்று காட்டுகிறேன். "மலையகத்தார் என்றால் கொழுந்து பறிப்பவர்." எண்ணும் வேண்டாம், கணக்கும் வேண்டாம். வாத்தியார் ஒரு விதிவிலக்கு, அவ்வளவுதான். இதையும் தர்க்கம் என்பீர்களா?

கொத்மலை ஓயா:
பேராதனைக்குப் போனதும் தோட்டத்து லயம், அந்த வரிசை வீடு, மறந்துவிட்டதா அண்ணே? கொழும்பில் எங்களைப் பார்த்து இதையே சொன்னால் சிரித்துக்கொண்டு நிற்பீர்கள். இங்கே மட்டும் வாய் நீளுகிறது.

பேராதனைப் பழசு:
நான் அதை நம்பிச் சொல்லவில்லை. நானும் லயத்தில் பிறந்தவன். எனக்கு நீங்கள் பாடம் எடுக்க வேண்டாம்.

கொட்டகலை வாத்தியார்:
நல்ல உதாரணம், ஆனால் அது உங்களைத்தான் அடிக்கிறது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரான நம்மவர்களுக்கு என்ன செய்தது? இங்கே பிறந்திருந்தாலும் போதாது. தந்தை இங்கே பிறந்ததைக் காட்டு, இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் பிறந்ததைக் காட்டு என்றது. பிறப்புப் பதிவே இல்லாத குடும்பங்கள் எதைக் காட்டும்? இவர் இந்நாட்டவர் இல்லை என்பதை இயல்பான முடிவாக வைத்துவிட்டு, அதைத் தகர்க்கும் சுமையை எங்கள் தலையில் வைத்தார்கள். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை அந்தச் சுமை இழுபட்டது. எந்த முடிவு முதலில் நிற்கிறது, யார் அதைத் தகர்க்க வேண்டும் என்பதில் ஒரு சமூகத்தின் வாழ்க்கையே தொங்கியது. இதை ஒட்டு என்று ஒருவர் எழுதினால் எனக்குக் கோபம் வரும். அதுவும் லயத்தில் பிறந்தவர் எழுதினால் இன்னும் வரும்.

பேராதனைப் பழசு:
உணர்ச்சியைக் கிளப்பினால் வாதம் வலிதாகிவிடாது. அந்தச் சட்டம் அநியாயம், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. கேள்வி அதுவா? நீங்கள் பார்த்தது மூட்டம். எடுகூற்று பொய்.

கொட்டகலை வாத்தியார்:
வெள்ளையாக எழும்பியது பொய்யா?

பேராதனைப் பழசு:
மூட்டம் எழும்பாது, இறங்கும். நீங்களே முதலில் அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள்.

ஊவாக்காரி:
எங்கள் பக்கம் பள்ளத்தாக்கில் இருந்து எழும்பி வரும். விடியக்காலையில் வந்து பாருங்கள்.

கொட்டகலை வாத்தியார்:
கேட்டீர்களா? வாதங்கள் ஒன்றையொன்று தாக்குவதைப் பற்றிக் கணினி அறிஞர் பான் மின் டங் 1995இல் எழுதியதைத் தேடிப் படியுங்கள். தாக்கும் வாதம் ஒவ்வொன்றையும் திருப்பித் தாக்கினால் என் வாதம் நிற்கும். நான் தாக்கிவிட்டேன்.

பேராதனைப் பழசு:
நீங்கள் எதையும் தாக்கவில்லை. சொன்னதையே திரும்பச் சொன்னீர்கள்.