தொப்பி போட்டால் எல்லாரும் சிரிக்கிறார்கள், என்ன செய்யலாம்?

வணக்கம். எனக்கு வயது 46. முடி கொட்டிப்போய் வெயில் நேராக உச்சியில் இறங்குகிறது. குடை பிடித்துச் சலித்து, போன மாதம் ஒரு பனாமா தொப்பி வாங்கினேன். (பெயர்தான் பனாமா, பிறந்த ஊர் ஈக்வடார். அந்தப் பின்னல் கலையை யுனெஸ்கோ 2012இல் மரபுப் பட்டியலில் சேர்த்தது.)

தொப்பியில் குறையில்லை. பார்க்கிறவர்கள்தான் பிரச்சினை. சிங்கப்பூர் தேக்கா சந்தையில் காய்கறிக்காரர், "என்னண்ணே, ஷூட்டிங்கா?" என்றார். காப்பிக்கடையில் என் பெயரே எம்ஜிஆர் ஆகிவிட்டது. அவர் போட்டது வெள்ளைப் புசுபுசுத் தொப்பி, இது நாரில் பின்னி விளிம்பு வைத்தது என்று விளக்கிப் பார்த்தேன். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். எம்ஆர்டி ரயிலில் யாரும் வாய் திறப்பதில்லை. கைப்பேசியிலிருந்து கண் மட்டும் ஒரு நொடி மேலே வந்து போகும். எனக்கு அதுதான் அதிகம் உறுத்துகிறது. எங்கள் அடுக்குமாடி புளோக் லிஃப்டில் ஒரு சீனப் பாட்டி மட்டும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அன்று முழுக்க நிமிர்ந்தே நடந்தேன்! மகளோ, "அப்பா, அதைப் போட்டால் நான் கூட வரமாட்டேன்" என்கிறாள்.

இங்கே தினமும் இப்படித் தொப்பி போடுகிறவர்கள் இருக்கிறீர்களா? கேலி எத்தனை நாளில் ஓய்ந்தது? பதில் சொன்னீர்களா, கண்டுகொள்ளாமல் விட்டீர்களா? அப்புறம், கோயிலில் கழற்றிக் கையில் வைத்தால் கும்பிட முடியவில்லை. எங்கே வைப்பீர்கள்? உள்பட்டையில் வியர்வைக் கறை போக வழி தெரிந்தாலும் சொல்லுங்கள்.