பையனுக்கு நெஃப்ரோடிக் (கிட்னி வழியா யூரின்ல புரோட்டீன் ஒழுகற நோய்), ஸ்டீராய்டு கூட வேற மருந்தும் சேக்கணுமாம், அனுபவம் இருக்கவங்க சொல்லுங்க

செல்வி_திருச்சி:
என் பையனுக்கு 5 வயசு. போன வருஷம் கண் இமை வீங்குச்சு, யூரின் பாத்தா ஆல்புமின்ங்கற புரோட்டீன் 4 ப்ளஸ், அதாவது ரொம்ப ஜாஸ்தி. வைசோலோன்ங்கற ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பிச்சதும் புரோட்டீன் போறது சீக்கிரமே நின்னுருச்சு, ஆனா டோஸ் குறைச்சுட்டு வர்றப்ப ஒரு சளி பிடிச்சா போதும், திரும்ப வந்துருது. இந்த வருஷத்துல இப்படி திரும்ப வர்றது, அதாவது ரிலாப்ஸ், இது மூணாவது. முகமெல்லாம் பூரி மாதிரி உப்பிருச்சு, எந்நேரமும் பசின்னு அழறான், கோவம் வேற. இப்ப டாக்டர் லெவாமிசோல் குடுப்போம், கேக்கலன்னா சைக்ளோபாஸ்பமைடுங்கறார். அது கேன்சருக்கு குடுக்கறதாமே? எல்லாத்தையும் நிறுத்திட்டு நாட்டு மருந்து பாக்கலாம்னு அத்தை சொல்றாங்க. எதிர்ப்பு சக்திய குறைக்கிற மருந்த இவ்ளோ சின்ன பிள்ளைக்கு எப்படிங்க குடுக்கறது?

கவிதா_கோவை:
சிஸ், வைசோலோன மட்டும் நீங்களா திடீர்னு நிறுத்திராதீங்க. வாரக்கணக்கா மாத்திரை சாப்பிட்டா உடம்பு தானா சுரக்கிற ஸ்டீராய்டு குறைஞ்சு போயிருக்கும், சட்டுனு விட்டா வாந்தி, மயக்கம், பிரஷர் இறங்கறதுன்னு ஆபத்தாயிரும். என் பொண்ணுக்கு லெவாமிசோல் கேக்கல, மைக்கோஃபெனோலேட்ங்கற வேற எதிர்ப்பு சக்தி குறைக்கிற மருந்துல இருக்கா. முதல்ல வயித்துவலியும் லூஸ் மோஷனும் இருந்துச்சு, அப்புறம் பழகிருச்சு. ஸ்டீராய்டு குறைஞ்சதுக்கு அப்புறம்தான் முகம் பழையபடி ஆச்சு, உயரமும் ஏற ஆரம்பிச்சுது, அத பாத்த சந்தோஷம் சொல்லி மாளாது.

வார்டு_டாக்டர்:
குழந்தைங்க கிட்னி வார்டுல வேலை பாக்கறேன். நேர்ல பாக்காம உங்க பையனுக்கு இது வேணும் அது வேணாம்னு சொல்ல மாட்டேன், பொதுவா சொல்றேன். கிட்னியோட வடிகட்டில புரோட்டீன் ஒழுகறதுக்கு பின்னாடி நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கு பங்கு இருக்கு, அதனாலதான் ஒரு சளி வந்தாக்கூட ரிலாப்ஸ் ஆகுது, அதனாலதான் இந்த மருந்துங்க கேக்குது. ஸ்டீராய்டுக்கு நல்லா கேக்கற பிள்ளைங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு கிட்னி கெட்டுப் போறதில்ல, இத மனசுல வெச்சுக்கங்க. மருந்தே குடுக்காம விட்டாலும் எதிர்ப்பு சக்தி போகும்மா, ஒழுகற புரோட்டீனோட சேந்து அதுவும் போயிரும், வயித்துக்குள்ள இன்ஃபெக்ஷன், ரத்தம் உறையறதுன்னு வரலாம்.

லெவாமிசோல் பழைய பூச்சி மருந்து, ஒருநாள் விட்டு ஒருநாள் குடுப்பாங்க, வெள்ளை அணு குறையுதான்னு பிளட் டெஸ்ட் பாக்கணும். சைக்ளோபாஸ்பமைடு கேன்சருக்கும் குடுக்கறதுதான், ஆனா இதுக்கு டோஸ் கம்மி, கிலோவுக்கு ஒரு நாளைக்கு 2 மி.கி. கணக்கு, 8லேந்து 12 வாரம். மொத்தம் கிலோவுக்கு 168 மி.கி. தாண்டக்கூடாது, தாண்டினா பின்னாடி குழந்தை பொறக்கறதுல பிரச்சனை வரலாம், ஆம்பளப் பசங்களுக்கு இது ரொம்ப முக்கியம். அதனால ஒரு தடவைக்கு மேல பொதுவா குடுக்கறதில்ல. குடுக்கறப்ப தண்ணி நிறைய குடிக்கணும், யூரின் அடக்கக் கூடாது. டாக்ரோலிமஸ்ங்கற இன்னொரு மருந்துன்னா அது கிட்னியவே பாதிக்கலாம், ரத்தத்துல லெவல் பாத்து பாத்து குடுப்பாங்க. நாட்டு மருந்துல பாதரசம் கலந்தது இருந்தா அதுவே யூரின்ல புரோட்டீன் ஒழுக வைக்கும், அத்தைகிட்ட இத பக்குவமா எடுத்து சொல்லுங்க.

செல்வி_திருச்சி:
ரொம்ப நன்றி டாக்டர். அவன் ஸ்கூல்ல பக்கத்து கிளாஸ்ல ஒரு பிள்ளைக்கு சின்னம்மை போட்டிருக்காம், இப்ப என்ன செய்யறது?

வார்டு_டாக்டர்:
இன்னைக்கே உங்க டாக்டருக்கு போன் பண்ணுங்க, கொப்புளம் வரட்டும்னு காத்திருக்காதீங்க. கிட்ட பழகியிருந்தா சின்னம்மைக்குன்னு இருக்கற இம்யூனோகுளோபுலின் (ரெடியா இருக்கற எதிர்ப்பு சக்தி) ஊசி போடலாமான்னு பாப்பாங்க, எவ்ளோ சீக்கிரமோ அவ்ளோ நல்லது, 10 நாளைக்குள்ள. கொப்புளம் வந்துட்டா அசைக்ளோவிர்ங்கற வைரஸ் மருந்து உடனே ஆரம்பிக்கணும். சின்னம்மை தடுப்பூசி, எம்எம்ஆர் மாதிரி உயிருள்ள கிருமி ஊசி எதுவும் ஸ்டீராய்டு ஹை டோஸ்ல இருக்கப்ப கூடாது. நிமோனியா ஊசி, ஃப்ளூ ஊசி போடலாம். போலியோ சொட்டும் உயிருள்ள கிருமிதான், அதனால வீட்ல கைக்குழந்தை இருந்தா அதுக்கு சொட்டுக்கு பதிலா ஊசி போடலாமான்னு கேளுங்க.

ரஹீம்_அப்பா:
எங்க பையனுக்கு எல்லாம் பாத்துட்டு கடைசியா ரிட்டுக்சிமாப்ங்கற ஊசி போட்டோம். அதுக்கு முன்னாடி டிபி, ஹெபடைடிஸ் பி டெஸ்ட் எடுத்தாங்க. செலவு ஜாஸ்திதான், ஆனா நல்லா இருந்தான், அந்த ஊசி அழிக்கற பி செல்ங்கற எதிர்ப்பு அணு திரும்ப வந்தா மறுபடி ரிலாப்ஸ் ஆகலாம்னு முன்கூட்டியே சொல்லிட்டாங்க. சகோதரி, ஒரு நோட்டு போட்டு தினம் காலைல முதல் யூரின புரோட்டீன் பாக்கற ஸ்ட்ரிப்ல பாத்து எழுதி வைங்க. தொடர்ந்து 3 நாள் 3 ப்ளஸ் வந்தா வீக்கம் வர்றதுக்கு முந்தியே டாக்டர பாத்துரலாம், காய்ச்சலோட வயித்துவலின்னா அந்த நிமிஷமே கெளம்பிருங்க. வருஷம் ஒருதடவையாவது கண் டாக்டர்கிட்ட காட்டுங்க, ஸ்டீராய்டால கண்புரை வரலாம், எங்க பையனுக்கு அப்படித்தான் ஆரம்பத்துலயே தெரிஞ்சுது.