வாழைத்தாருக்குக் கொடுத்த பணமும் கொத்தனாருக்குக் கொடுக்காத கூலியும்

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு சகோதரர்:

விளைச்சலுக்காக நன்றி செலுத்தும் எங்கள் சபையின் ஸ்தோத்திரப் பண்டிகையில், ஆராதனை முடிந்ததும் காணிக்கையாகப் படைத்த கோழி, பூசணிக்காய், வாழைத்தார் எல்லாம் ஏலத்துக்கு வரும். கட்டட ஒப்பந்தத் தொழிலில் நான் தலைநிமிர்ந்திருந்த ஆண்டில், சந்தையில் 400 ரூபாய்கூடப் பெறாத ஒரு வாழைத்தாரை 12,000 ரூபாய்க்கு எடுத்தேன். ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொல்லி, கர்த்தர் இவருடைய கையின் பிரயாசத்தை ஆசீர்வதித்திருக்கிறார் என்று அறிவித்தபோது, அதைத் தேவனே எனக்கு அளித்த நற்சான்றாக எடுத்துக்கொண்டேன்.

அன்று மாலை, என்னிடம் வேலை செய்த கொத்தனார் வீட்டு வாசலில் வந்து நின்றார். அவருக்கு மூன்று வாரக் கூலி பாக்கி இருந்தது. பில் தொகை வரவில்லை என்று அவரிடம் சொல்லியிருந்தேன். உண்மையில் தொகை வந்துவிட்டது; அதை ஒரு மனைக்கு முன்பணமாகக் கொடுத்திருந்தேன். அவர் சற்றும் கோபப்படவில்லை. "அண்ணாச்சி, ஏலத்துல உங்க பேரு சொன்னாங்க, கேட்டேன், சந்தோசம். பிள்ளைக்கு ஃபீஸ் கட்டணும்" என்று மட்டும் சொன்னார்.

இரவு குடும்ப ஜெபத்தில் வேதாகமத்தில் உள்ள யாக்கோபு நிருபத்தின் 5ஆம் அதிகாரம் வாசிப்பு முறையில் வந்தது. வயல்களை அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்னும் 4ஆம் வசனத்தை என் மகள் வாசித்தாள். விளைச்சலுக்காக நன்றி செலுத்திய அதே நாளில் அந்த வசனத்தைக் கேட்ட என்னால் ஜெபத்தை முடிக்க இயலவில்லை.

மறுநாள் அவருக்கும் பாக்கி இருந்த மற்ற ஏழு பேருக்கும் கூலி கொடுப்பதற்காக அந்த மனையை விட்டுவிட்டேன். முன்பணத்தில் ஒரு பகுதி திரும்ப வரவில்லை. இன்று அந்த மனை பல மடங்கு விலை போகிறது. அதற்கு ஈடாக வேறொன்றைக் கர்த்தர் கொடுத்தார் என்று சாட்சி சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அப்படி எதிர்பார்ப்பதுகூட என் பழைய கணக்குதான் என்றே நினைக்கிறேன்.

நாகர்கோவிலிலிருந்து ஒரு சகோதரி:

சகோதரர் கடைசியாக எழுதியதை நானும் அறிவேன். தேவன் செய்ததைச் சபையில் எழுந்து சொல்லும் நம் சாட்சி வேளைகளில் வீடு, வேலை, விசா ஆகியவற்றுக்கே இடம் இருக்கிறது. இழந்துபோன ஒருவர் எழுந்து நின்று, தேவன் என்னோடு இருக்கிறார் என்று சொல்லி நான் கேட்டது மிக அரிது. கொள்முதல் கணக்கு ஒன்றில் கையெழுத்திட மறுத்ததால், நான் பணிபுரிந்த மருத்துவமனையில் கண்காணிப்பாளர் பதவி எனக்குக் கிடைக்காமல் போனது. என் ஜெபம் போதவில்லை என்றார்கள் உறவினர்கள். நானும் அதை நம்பினேன்.

அந்த நாள்களில்தான் திருநெல்வேலி மாவட்டத்திலுள்ள டோனாவூருக்குச் சென்றேன். 1895இல் இந்தியாவுக்கு வந்த அயர்லாந்து மிஷனரி ஏமி கார்மைக்கேல், கோயில்களுக்கு நேர்ந்துவிடப்பட இருந்த சிறுமிகளுக்கு 1901 முதல் அங்கே அடைக்கலம் கொடுத்தார். ஒருமுறைகூடத் தாய்நாட்டுக்குத் திரும்பவில்லை. 1931இல் விழுந்து அடிபட்டபின், 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கையிலேயே கிடந்தார். தம் கல்லறையில் நினைவுக்கல் வைக்க வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால், பிள்ளைகள் அங்கே பறவைகளுக்கான தண்ணீர்த் தொட்டி ஒன்றை அமைத்து, தாய் என்று பொருள்படும் ஒரே சொல்லை அதில் பொறித்தார்கள். ஏறத்தாழ 20 ஆண்டுகள் எழுந்து நடமாட முடியாதிருந்த அந்த அம்மையாரின் ஜெபம் போதவில்லை என்று யார் சொல்லத் துணிவார்கள் என எண்ணியபடி, வெகுநேரம் அங்கே நின்றிருந்தேன்.

ஓய்வு பெறும்வரை நான் சாதாரணச் செவிலியராகவே இருந்தேன். பதவி உயர்வுக்காகச் செய்துவந்த ஜெபத்தை மட்டும் நிறுத்திவிட்டேன். அதன்பின் ஒவ்வொரு இரவுப் பணிக்கு முன்பும், இன்று நான் இடும் கையெழுத்தெல்லாம் உமது சமுகத்தில் நிற்கக்கூடியதாய் இருக்கட்டும் என்று கேட்டேன்.