ஸ்பெயினில் இரண்டு வாரம், கார் இல்லாமல், அம்மாவோடு: எந்த வரிசையில் போவது?

மலைக்கோட்டை:

வணக்கம். அக்டோபர் 5 பார்சிலோனாவில் இறங்குகிறோம், 19 மாட்ரிடிலிருந்து கிளம்புகிறோம். நான், மனைவி, அம்மா. அம்மாவுக்கு 67 வயது, சமதரையில் நன்றாக நடப்பார். படிக்கட்டு என்றால்தான் முழங்கால் மக்கர் பண்ணும். வலப்பக்கம் கார் ஓட்டும் துணிச்சல் எனக்கு இல்லை, அதனால் ரயிலும் பஸ்ஸும்தான்.

வரைபடத்தை வைத்துப் போட்ட வரிசை: பார்சிலோனா, வலென்சியா, கிரனாடா, செவில், கோர்டோபா, மாட்ரிட், பில்பாவ், மறுபடி மாட்ரிட். முடிந்தால் டொலேடோ. அம்மா சுத்த சைவம், முட்டையும் கிடையாது. இது ஓடுமா? ரயில் பாஸ் எடுக்கலாமா?

லவாபியெஸ்வாசி:

மாட்ரிடில்தான் குடியிருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் பயணத் திட்டம் போடும் வேலை என் தலையில்தான் விழும், அதனால் நேராகவே சொல்கிறேன். உங்கள் வரிசை காரில் போகிறவருக்குச் சரி, ரயிலில் போகிறவருக்குச் சரிவராது. இங்கே வேக ரயில் பாதைகள் பெரும்பாலும் மாட்ரிடிலிருந்துதான் பிரிந்து போகின்றன. வரைபடத்தில் வலென்சியாவும் கிரனாடாவும் பக்கத்தில் இருப்பதுபோல் தெரியும். நடுவில் நேரடி ரயில் கிடையாது, பஸ்ஸில் உட்கார்ந்தால் பகல் முழுக்கப் போய்விடும். பில்பாவை இந்தத் தடவை விட்டுவிடுங்கள். வடக்கு தனிப் பயணத்துக்கான இடம், அக்டோபரில் மழை வேறு.

ஊர்களை அடுக்குவதற்கு முன்னால் ஒரே ஒரு தேதியை முடிவு செய்யுங்கள்: அல்ஹம்ப்ரா, கிரனாடாவில் மலைமேல் இருக்கிற கோட்டை அரண்மனை. அங்கே நஸ்ரித் அரண்மனைகளுக்குள் போக சீட்டிலேயே நேரம் போட்டிருக்கும், அந்த நேரம் தப்பினால் உள்ளே விடமாட்டார்கள். சீட்டு பெயர், பாஸ்போர்ட் எண்ணோடு வரும். அசல் பாஸ்போர்ட் கையில் இருக்கவேண்டும். அக்டோபரிலும் பல வாரம் முன்பே தீர்ந்துவிடும். அந்தச் சீட்டு கிடைக்கிற நாளைச் சுற்றித்தான் மற்ற ரயில், அறை எல்லாம். இங்கே வருகிறவர்களில் பாதிப்பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அறைக்குப் பணம் கட்டிவிட்டு, அல்ஹம்ப்ரா சீட்டு இல்லை என்று எனக்கு போன் வரும். நான் என்ன செய்யமுடியும்?

என் வரிசை: பார்சிலோனா 4 இரவு, செவில் 4, கிரனாடா 2, மாட்ரிட் 4. பெட்டியோடு இடம் மாறுவது மூன்றே தடவை. பார்சிலோனாவிலிருந்து செவிலுக்கு ஆவே என்கிற வேக ரயில் நேரடியாக இருக்கிறது, ஐந்தரை மணி நேரம் போல. ஒரு பகல் போகும். ஆனால் ஜன்னலோரம் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டபடி போகலாம், அம்மாவுக்கு அது ஓய்வும்கூட. கோர்டோபாவில் தங்கவேண்டாம், செவிலிலிருந்து ஆவேயில் முக்கால் மணி நேரம்தான். திங்கள் முதல் சனி வரை காலை 8.30 முதல் 9.30 வரை மெஸ்கீத்தாவுக்குள், அதாவது பழைய மசூதியாக இருந்த பேராலயத்துக்குள், போகக் கட்டணம் இல்லை. கூட்டமில்லாமல் அந்தச் சிவப்பு வெள்ளை வளைவுகளுக்கு நடுவே நிற்பதற்காகவே முதல் ரயிலைப் பிடிக்கலாம். டொலேடோவும் அப்படித்தான், மாட்ரிட் அதோச்சா நிலையத்திலிருந்து அரை மணி நேரம். அந்த ரயிலில் இருக்கை எண் உண்டு, அதனால் திரும்பி வருவதற்கும் சேர்த்தே வாங்குங்கள். மலை ஏற நகரும் படிக்கட்டு போட்டிருக்கிறார்கள். செவிலில் ஹிரால்டா கோபுரத்துக்கும் அம்மா தயங்கவேண்டாம், உள்ளே படிகளுக்குப் பதில் சாய்தளம்தான், கடைசியில்தான் சில படிகள்.

பாஸ் வேண்டாம். பாஸ் இருந்தாலும் வேக ரயிலில் இருக்கைக்குத் தனியாகக் காசு கட்டவேண்டும். 2021இல் விகோ, 2022இல் இர்யோ என்று புது ரயில் நிறுவனங்கள் வந்தபிறகு முக்கியத் தடங்களில் போட்டி, முன்கூட்டி வாங்கினால் விலை குறைவு. மலிவு என்று விகோவில் வாங்கும்போது பெரிய பெட்டிக்கான கட்டணத்தையும் கூட்டிப் பாருங்கள்.

பஸ்பிரியன்:

பில்பாவை வெட்டியது சரி. வலென்சியாவை வெட்டியதைத்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை. 1957 வெள்ளத்துக்குப் பிறகு துரியா ஆற்றையே ஊருக்கு வெளியே திருப்பிவிட்டு, பழைய ஆற்றுப்படுகை முழுக்கப் பூங்கா ஆக்கியிருக்கிறார்கள். அம்மா கேட்கிற சமதரை அங்கேதான் இருக்கிறது. பார்சிலோனாவிலிருந்து ரயிலில் சுமார் மூன்று மணி நேரம். பார்சிலோனாவிலும் செவிலிலும் ஒவ்வோர் இரவைக் குறைத்தால் இரண்டு இரவு கிடைக்கும்.

லவாபியெஸ்வாசி:

வலென்சியா எனக்கும் பிடித்த ஊர்தான். ஆனால் அங்கிருந்து செவில் போவதை யோசியுங்கள். நேரடி ரயில் குறைவு, பெரும்பாலும் மாட்ரிடில் மாறவேண்டும். வலென்சியா ரயில்கள் பல சமார்த்தின் நிலையத்துக்கு வரும், செவில் ரயில் அதோச்சாவிலிருந்து புறப்படும். பெட்டிகளோடு நகர்ப்புற ரயில் ஏறி நிலையம் மாறவேண்டும். அரசு ரயில் நிறுவனமான ரென்ஃபேயின் நெடுந்தூரச் சீட்டு இருந்தால் அந்த இடைப்பயணம் இலவசம், சீட்டிலேயே அதற்கான குறியீடு இருக்கும். இருந்தாலும் முழங்கால் வலிக்காரரோடு நான் செய்யமாட்டேன். கண்டிப்பாகக் கடல் வேண்டுமென்றால் செவிலிலிருந்து காதிஸுக்குக் காலையில் போய் இரவு திரும்புங்கள்.

சைவச்சட்டி:

சாப்பாடு பற்றி நான். ஹமோன் என்கிற பன்றித் தொடைக்கறியை இங்கே பலர் இறைச்சிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. சல்மொரேஹோ என்கிற குளிர்ந்த தக்காளிக் கூழ் பார்க்கச் சைவம், மேலே முட்டையும் ஹமோனும் தூவித்தான் கொண்டுவருவார்கள். சாலட்டில் கேட்காமலே சூரைமீன் இருக்கும். "ஸின் ஹமோன், ஸின் அத்தூன், ஸின் உவேவோ" என்று எழுதிவைத்துக் காட்டுங்கள்: ஹமோன், சூரை, முட்டை எதுவும் வேண்டாம். நம்பிச் சாப்பிட: செவிலில் கீரையும் கொண்டைக்கடலையும் சேர்த்த எஸ்பினாகாஸ், சீரக வாசனையோடு ஏறக்குறைய நம் கூட்டு மாதிரி. கோர்டோபாவில் தேன்பாகு ஊற்றிய கத்தரிக்காய் வறுவல். பார்சிலோனாவில் தக்காளி தேய்த்த ரொட்டி. வீட்டு நேரத்துக்குப் பசித்தால் திண்டாட்டம்தான். பல உணவகங்களில் இரவுச் சமையல் எட்டரைக்கு மேல்தான். சமையலறையுள்ள அறை எடுங்கள், கடையில் சர்க்கரை போடாத தயிர் எங்கும் கிடைக்கும்.

மலைக்கோட்டை:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரியே உட்கார்ந்து அல்ஹம்ப்ரா சீட்டு வாங்கிவிட்டேன், 14ஆம் தேதி காலை 10 மணி. வலென்சியாவை மனைவி ஒருமாதிரி விட்டுக்கொடுத்தாள். இரண்டு சந்தேகம்: செவில் - கிரனாடா ரயிலா பஸ்ஸா? அல்ஹம்ப்ராவில் அம்மா எவ்வளவு நடக்கவேண்டியிருக்கும்?

லவாபியெஸ்வாசி:

இரண்டுக்கும் மூன்று மணி நேரத்தை ஒட்டித்தான் ஆகும். பஸ் நேரங்கள் அதிகம், அதனால் முதலில் நேரம் பாருங்கள், பிறகு விலை. ஒன்று கவனியுங்கள்: 12ஆம் தேதி தேசிய விடுமுறை, வார இறுதியோடு ஒட்டிக்கொண்டால் ஊரே ரயிலில் இருக்கும். பார்சிலோனா - செவில் சீட்டையும் 13ஆம் தேதி சீட்டையும் விற்பனை திறந்ததும் வாங்கிவிடுங்கள். வேக ரயில் நிலையங்களில் பெட்டியை ஸ்கேன் செய்து அனுப்புவார்கள், புறப்படும் முன்பே வாயிலைப் பூட்டிவிடுவார்கள். அரை மணி நேரம் முன்னால் போனால் நிம்மதி.

அல்ஹம்ப்ராவுக்கு மேலே நடந்து ஏறாதீர்கள், ஊர் நடுவிலிருந்து சி30 சிறு பஸ் போகிறது. நிறுத்தம் பார்த்து இறங்குங்கள்: பெரிய நுழைவாயிலுக்குப் போனால் அங்கிருந்து அரண்மனைகள் வரை நல்ல நடை. சீட்டு ஏற்கனவே கையில் இருப்பவர்கள் நீதி வாயில் என்கிற கோட்டைவாசல் நிறுத்தத்திலேயே இறங்கி நேராக நஸ்ரித் பக்கம் போகலாம். அது கொஞ்சம் ஏற்றம், ஆனால் தூரம் குறைவு. 9.30க்குள் வாசலில் இருங்கள். ஹெனராலிஃபே தோட்டத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், அங்கே உட்கார இடம் இருக்கிறது.

மாட்ரிட் வந்ததும் சொல்லுங்கள். எங்கள் பேட்டையில் வங்காளக் கடைகள் நிறைய, பருப்பு, மிளகாய்த்தூள் எல்லாம் கிடைக்கும்.