சைபர் என்ற வாடிக்கையாளர்

கொழும்பு புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடைக்குக் கணக்கு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். பிஎச்பி என்ற புரோகிராம் மொழியில்தான். கடன் கொப்பியில் இருந்த 64 பேரையும் ஒரே அரேயில், அதாவது ஒரு பட்டியலில், ஏற்றினேன். பெயர் கீ (அடையாளம்), பாக்கி வேல்யூ (அதற்குரிய மதிப்பு). கூடக் கடன் உள்ளவர் மேலே வர வேண்டும் என்றார் முதலாளி. பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கும் ஆர்சோர்ட் (rsort) போட்டு பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பின்னேரம் அழைப்பு. "தம்பி, ஆர் இந்தச் சைபர்? ஒன்றேகால் இலட்சம் தர வேணுமாம். இப்படி ஒராளுக்கு நான் சாமான் கொடுத்ததே இல்லையே!"

சோர்ட் (sort), ஆர்சோர்ட் இரண்டும் கீயைத் தூக்கி எறிந்துவிட்டு 0 முதல் புதிதாக எண் போடும். முதல் ஆளின் பெயர் போய் 0 வந்திருந்தது, அதுதான் அந்தச் சைபர். பெயர் நிற்க வேண்டுமானால் முன்னால் ஒரு ஏ வேண்டும்: ஏஆர்சோர்ட் (arsort). ஒரே எழுத்து! திருத்தினேன், இம்முறை முழு லிஸ்டும் காணோம். சோர்ட் பண்ணிய அரே திரும்பி வரும் என்று நினைத்து அதே மாறியில் போட்டிருந்தேன். வந்தது வெறும் ட்ரூ, 'சரி' என்ற பதில் மட்டும். இந்த ஃபங்ஷன்கள் கொடுத்த அரேயையே மாற்றிவிடும், திருப்பித் தருவதில்லை. அதை முதலாளியிடம் சொல்லவில்லை.

இதைப் படித்த எங்கள் குழுவின் வெள்ளவத்தை உறுப்பினர்: எனக்கு ஜாவாஸ்கிரிப்ட் என்ற மொழியில் அடி. பஸ் இலக்கங்களைக் கீயாக வைத்து, நெரிசல் கூடியது முதலில் என்று 138, 155, 100 ஆக அடுக்கினேன். கீயும் வேல்யூவும் வைக்கும் ஆப்ஜெக்ட்டில் போட்டதும் திரும்ப 100, 138, 155. முழு எண் கீ என்றால் அது ஏறுவரிசையில்தான் நிற்கும், நாம் தலைகீழாக நின்றாலும். போட்ட ஒழுங்கைக் காக்கும் மேப்புக்கு (Map) மாற்றிய பிறகுதான் சொன்ன ஒழுங்கில் நின்றது. அண்ணா, உங்கள் முதலாளி பெயர் வரிசை கேட்கவில்லையா?

என் பதில்: கேட்டார் தம்பி, அடுத்த கிழமையே. கீயை வைத்து அடுக்கும் கேசோர்ட் (ksort) போட்டேன். மரியதாஸுக்கு முன்னால் மனோகரன் வந்து நிற்கிறார். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிக்கோடில் ன, ந-வுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது; நம் அகராதியிலோ அது கடைசி மெய். கேசோர்ட்டுக்கு அகராதி தெரியாது, எழுத்தைக் குறிக்கும் பைட் எண்கள்தான் தெரியும். தமிழ் அகராதி வரிசை தெரிந்த ஒரு கொலேட்டர் எடுத்து, இரண்டு பெயரை ஒப்பிடும் அதன் கம்பேரை, நாம் சொல்லும் ஒப்பீட்டின்படி கீயை அடுக்கும் யூகேசோர்ட்டுக்குக் (uksort) கொடுத்தேன். மரியதாஸ் முன்னால் வந்தார். முதலாளி லிஸ்டைக் கொப்பியோடு ஒத்துப் பார்த்தார், 64 பேரையும். "சைபர் போய்ட்டாரா?" என்றார்.