நியூயார்க் எஃப், எம் வண்டிகளின் கிளை மாற்றம்: உண்மையில் மாறியது என்ன?

நாலாம்_பெட்டி கேட்டது:

2025 டிசம்பர் 8 முதல் நியூயார்க் சப்வேயில் எஃப் (F) வண்டியும் எம் (M) வண்டியும், குவீன்ஸுக்கும் மன்ஹாட்டனுக்கும் நடுவில் ஓடும் ஈஸ்ட் ரிவருக்குக் கீழே போகும் சுரங்கங்களை மாற்றிக்கொண்டன. வார நாட்களில் காலை 6 மணி முதல் இரவு 9.30 வரை எஃப் 53ஆவது தெரு வழியாகவும், எம் 63ஆவது தெரு வழியாகவும் போகின்றன. இரவிலும் சனி, ஞாயிறிலும் எஃப் பழையபடி 63ஆவது தெருவில்தான்.

புதிதாக ஒரு அடி தண்டவாளம் போடவில்லை. வண்டிகளும் அதே வண்டிகள், கடைசி ஸ்டேஷன்களும் அதேதான். நடுவில் நாலு நாலு ஸ்டேஷனை மட்டும் கைமாற்றியிருக்கிறார்கள். இதனால் தாமதம் எப்படிக் குறையும் என்பது எனக்குப் பிடிபடவில்லை. ஆற்றின் நடுவில் 63ஆவது தெருப் பாதையில் இருக்கும் ரூசவெல்ட் தீவுக்காரர்கள் ஏன் முணுமுணுக்கிறார்கள்? இரவில் ஏன் திருப்பி மாற்ற வேண்டும், நாள் முழுக்க ஒரே வழியில் விட்டால் என்ன? விவரம் தெரிந்தவர்கள் சொல்லவும்.

---

பாயிண்ட்ஸ்மேன்:

வண்டிய எண்ணாதீங்க, பாயிண்ட எண்ணுங்க, அதாவது தண்டவாளம் பிரியற, சேர்ற இடங்கள. அப்போ புரிஞ்சிடும்.

குவீன்ஸ் புலவார்டு பாதையில நாலு தண்டவாளம். நடு ரெண்டு எக்ஸ்பிரஸ், ஓரம் ரெண்டு லோக்கல். எக்ஸ்பிரஸ்ல ஈ (E) வண்டியும் எஃப்பும், லோக்கல்ல எம்மும் ஆர் (R) வண்டியும். இந்த நாலும் மன்ஹாட்டனுக்குள்ள போக மூணு வாசல்: 53, 60, 63ஆவது தெருக்கள். 60 ஆருக்கு மட்டும்.

பழைய ஏற்பாட்டுல மன்ஹாட்டன் போற திசையில என்ன நடந்துச்சுன்னு பாருங்க. 36ஆவது தெரு ஸ்டேஷன் தாண்டினதும் எஃப் எக்ஸ்பிரஸ் பாதையிலேர்ந்து பிரிஞ்சு 63க்கு இறங்கும். அது முதல் பாயிண்டு. அடுத்து குவீன்ஸ் பிளாசா. அங்க எம் லோக்கல் பாதையில ஆர் கூட நிக்கும், ஈ எக்ஸ்பிரஸ் பாதையில நிக்கும். கிளம்பினதும் எம் ஆரை விட்டுப் பிரியணும், அது ரெண்டு. பிரிஞ்ச கையோட ஈ போற பாதையில சேரணும், அது மூணு. வினையே இந்த மூணாவதுதான். எம் ரெண்டு நிமிஷம் லேட்டுன்னா ஈ நிக்கணும், இல்ல ஈ போற வரைக்கும் எம் நிக்கணும். எம் நின்னா அதுக்குப் பின்னால ஆர் நிக்கும். ஈ நின்னா அதுக்குப் பின்னால வர்ற எஃப்பும் நிக்கும், அது 53 பக்கமே போகாத வண்டியா இருந்தாலும். ஒரு எம் வண்டியோட லேட்டு நாலு வழித்தடத்துலயும் ஒட்டிக்கும்.

இப்போ ஈ, எஃப் ரெண்டும் எக்ஸ்பிரஸ்லயே வந்து, பிரியாம அப்படியே 53க்குள்ள போகுது. லோக்கல்ல வர்ற எம் 36ஆவது தெரு தாண்டினதும் 63க்கு இறங்கிடும். ஆர் தனியா குவீன்ஸ் பிளாசா வந்து 60க்குப் போயிடும். குவீன்ஸ் பிளாசாவுல யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்ல. மூணு பாயிண்டு இருந்த இடத்துல ஒண்ணுதான் மிச்சம், அதுவும் பிரியற பாயிண்டு. சேர்ற பாயிண்டுதான் வண்டிய நிறுத்தும். பிரியற இடத்துல முன்னால போறது ஒதுங்கிட்டா பின்னால வர்றதுக்கு வழி கிடைச்சிடும்.

எதிர் திசையில கதை திரும்பும், அங்க 36ஆவது தெருவுல எம்மும் ஆரும் சேரணும். அதனால எல்லாம் தீர்ந்துச்சுன்னு சொல்ல முடியாது. மன்ஹாட்டன் பக்கமும் 47-50 ராக்ஃபெல்லர் சென்டருக்கு வடக்கே எஃப்பும் எம்மும் சேர்றது முன்ன மாதிரியேதான் இருக்கு. முன்ன எஃப் 57ஆவது தெருவுலேர்ந்தும் எம் 53லேர்ந்தும் வந்துச்சு, இப்போ தலைகீழ். அந்த முடிச்சு அவிழல.

இன்னொண்ணு. 53ஆவது தெரு சுரங்கத்துல கூட்டம் தாங்காதுன்னு சிலர் பயப்படுறாங்க. எக்ஸ்பிரஸ் பாதையில எத்தனை வண்டி வருதோ அத்தனைதான் சுரங்கத்துலயும். உச்ச நேரத்துல ரெண்டும் சேர்ந்து மணிக்கு 30 கணக்கு, அதாவது ரெண்டு நிமிஷத்துக்கு ஒண்ணு. கதவு மூட அரை நிமிஷம் கூடுதலா ஆனாலே பின்னால தெரியும். லெக்சிங்டன் 53ல ஆறாம் எண் வண்டிக்கு மாறுற கூட்டம் இறங்கி ஏறி முடிக்கற நேரம்தான் இனி முழு பாதைக்கும் தாளம்.

---

டைம்டேபிள்_தங்கம்:

மேலே சொன்னது தண்டவாளக் கணக்கு. ரூசவெல்ட் தீவின் முணுமுணுப்பு பெட்டிக் கணக்கு.

எஃப் வண்டிக்கு 10 பெட்டி, எம் வண்டிக்கு 8. பெட்டி ஒன்று 60 அடி. ஆக 600 அடி வண்டி போன இடத்தில் இப்போது 480 அடி வண்டி நிற்கிறது. ஒரு வண்டிக்கே ஐந்தில் ஒரு பங்கு இடம் போய்விட்டது. எம் வண்டி எஃப் அளவுக்கு அடிக்கடி வருவதும் இல்லை என்பதால் இழப்பு அதைவிடக் கூடுதல். 21ஆவது தெரு குவீன்ஸ்பிரிட்ஜ், ரூசவெல்ட் தீவு, லெக்சிங்டன் 63, 57ஆவது தெரு ஆகிய நாலு ஸ்டேஷனுக்கும் இதுதான் நிலைமை.

எம் வண்டியில் ரெண்டு பெட்டி சேர்த்தால் போச்சு என்று தோன்றும். முடியாது. எம் வில்லியம்ஸ்பர்க் பாலம் ஏறி புரூக்ளினுக்குப் போகிறது. அங்கே மேம்பாலப் பாதையின் பழைய பிளாட்பாரங்கள் 480 அடி வண்டிக்குக் கட்டியவை.

சரி, வண்டியையாவது கூட்டலாமே என்றால் அதற்கும் ரெண்டு பூட்டு. முதலாவது மர்ட்டில் அவென்யூ சந்திப்பு. எம்மும் ஜே வண்டியும் அங்கே ஒரே மட்டத்தில் குறுக்கே வெட்டிக்கொள்கின்றன. ஒன்று போனால்தான் மற்றது. இரண்டாவது ஃபாரஸ்ட் ஹில்ஸ் 71ஆவது அவென்யூ. எம், ஆர் இரண்டும் அங்கே முடிந்து திரும்ப வேண்டும். திருப்புத்தடத்துக்குப் போகும் முன் ஊழியர்கள் பெட்டி பெட்டியாகப் பார்த்து, தூங்குகிறவர்களை எழுப்பி இறக்கிவிட வேண்டும். அது முடியும்வரை வண்டி பிளாட்பாரத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். அடுத்த வண்டி வெளியே காத்திருக்கும். லோக்கல் பாதையின் கொள்ளளவைத் தீர்மானிப்பது சிக்னல் இல்லை, இந்தக் காலிசெய்கிற வேலை.

ஆக, மர்ட்டில் அவென்யூவில் ஜே வண்டியால் வரும் தடங்கல் இனி ரூசவெல்ட் தீவுப் பிளாட்பாரத்தில் தெரியும். முன்பு அந்தத் தீவுக்கும் அந்தச் சந்திப்புக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ஒரு சின்ன நடைமுறை விஷயம். கண்டக்டர் வண்டியின் நடுவில் இருப்பார். கதவைத் திறக்கும் முன் பிளாட்பாரத்தில் எதிரே தொங்கும் கறுப்பு வெள்ளைப் பட்டைப் பலகையை விரலால் சுட்டிக்காட்ட வேண்டும், வண்டி சரியான இடத்தில் நிற்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. பலகை பிளாட்பாரத்தின் நடுவில். 8 பெட்டி வண்டி அதற்கு நேராக நின்றால் இரு முனையிலும் ஏறக்குறைய ஒரு பெட்டி நீளம் வெறும் பிளாட்பாரம். எஃப் காலத்துப் பழக்கத்தில் கடைசி முனையில் நிற்பவர்கள் ஓடி வந்து ஒரே கதவில் முட்டுவார்கள். நடுப்பக்கம் நில்லுங்கள், அவ்வளவுதான்.

2010 ஜூனில் வி வண்டியை நிறுத்தி எம்மை 53ஆவது தெருவுக்குக் கொண்டுவந்தபோதும் இதே சுருக்கம்தான். அப்போது பாதிக்கப்பட்டது 53, இப்போது 63.

---

நாலாம்_பெட்டி:

நன்றி, குவீன்ஸ் பிளாசா புரிந்தது. இரவுக் கேள்வி பாக்கி. பழைய வழியை நம்பி ஏறித் தப்பான ஸ்டேஷனில் இறங்குகிறவர்களுக்கும் யாராவது வழி சொன்னால் நல்லது.

---

கடைசி_ரயில்:

இரவில் எம் மன்ஹாட்டனுக்கே வருவதில்லை, மர்ட்டில் அவென்யூவோடு நின்றுவிடும். எஃப்பையும் 53லேயே விட்டால் 63ஆவது தெருவில் குவீன்ஸ் போக வண்டியே இருக்காது. அதனால்தான் எஃப் திரும்பிப் போகிறது.

என் பார்வையில் இந்த மாற்றத்தின் பலவீனமும் இதுவே. பகுதி நேர வண்டியிடம் ஒரு கிளையைத் தனியாக ஒப்படைத்திருக்கிறார்கள். 2004 பிப்ரவரி 22இல் நடந்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மன்ஹாட்டன் பாலத்தின் வடக்குத் தண்டவாளங்கள் அன்று மறுபடி திறந்தன. மூடுவதற்கு முன் புரூக்ளினில் பி வெஸ்ட் எண்ட் பாதையிலும், டி பிரைட்டன் பாதையிலும் ஓடின. திறந்தபோது இரண்டையும் இடம் மாற்றினார்கள். பி இரவிலும் வார இறுதியிலும் ஓடாது, டி எப்போதும் ஓடும். வெஸ்ட் எண்டில் வேறு வண்டி இல்லை, பிரைட்டனில் எப்போதும் ஓடும் க்யூ இருக்கிறது. ஆகவே டி வெஸ்ட் எண்டுக்கு, பி க்யூவுக்குத் துணையாக பிரைட்டனுக்கு. பி தூங்கப் போனாலும் எந்த ஸ்டேஷனும் அனாதையாகாது. அதுதான் சுத்தமான மாற்றம்.

இங்கே அந்த வசதி இல்லை, அதனால் தினமும் ரெண்டு முறை வழி மாறுகிறது. 9.30 சமயத்தில் முன்னால் போன எஃப் 53, பின்னால் வருவது 63. இரண்டுக்கும் முகப்பில் அதே எழுத்து, பக்கவாட்டில் அதே கோனி ஐலண்டு அல்லது ஜமைக்கா 179. எழுத்தைப் பார்த்து ஏறினால் பயனில்லை. அந்த நேரத்தில் உள்ளே ஓடும் அடுத்தடுத்த ஸ்டேஷன் பட்டியலைப் பாருங்கள், அறிவிப்பைக் கேளுங்கள்.

தப்பாக ஏறினால்: ஆறாவது அவென்யூவில் எஃப்பும் எம்மும் ஒரே தண்டவாளத்தில்தான் வரும். ரூசவெல்ட் தீவுக்குப் பகலில் எஃப் ஏறிவிட்டால் 5ஆவது அவென்யூ 53இலேயே இறங்கி, எதிர்த்திசை எஃப் பிடித்து 47-50 வந்து எம் ஏறுங்கள். லெக்சிங்டன் 53 வரை போய்விட்டால் வெளியே வந்து இரண்டாவது அவென்யூ 60ஆவது தெரு அருகே இருக்கும் கம்பிவட டிராமுக்கு நடப்பது மேல். அதையும் விட்டு ஆற்றைத் தாண்டிவிட்டால் ரூசவெல்ட் அவென்யூ ஜாக்சன் ஹைட்ஸ் வரை போய், மன்ஹாட்டன் போகும் எம்மில் திரும்பி வர வேண்டும். பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று அதையே ரூசவெல்ட் தீவு என நினைத்து இறங்குகிறவர்களும் உண்டு, பாவம்.

தீவிலிருந்து புரூக்ளின் ஜே ஸ்ட்ரீட் பக்கம் போகிறவர்கள் எம் ஏறி, 47-50 முதல் பிராட்வே லஃபாயெட் வரை எங்கே வேண்டுமானாலும் இறங்கி, அதே இடத்தில் நின்று எஃப் பிடிக்கலாம். படி ஏற வேண்டாம். அதைத் தாண்டினால் எம் எசெக்ஸ் தெரு வழியாகப் பாலம் ஏறிவிடும்.

எக்ஸ்பிரஸ் ஸ்டேஷன்காரர்களுக்கு லாபம்: 53ஆவது தெருவுக்குப் போக ரூசவெல்ட் அவென்யூவில் எஃப்பை விட்டு ஈ வண்டிக்குத் தாவும் வேலை மிச்சம். நஷ்டம் லோக்கல் ஸ்டேஷன்காரர்களுக்கு. கோர்ட் ஸ்கொயரில் ஜி, 7 வண்டிகளுக்கு மாறுகிறவர்கள் முன்பு எம்மில் நேராகப் போனார்கள். இப்போது ஆர் ஏறி குவீன்ஸ் பிளாசாவில் அதே பிளாட்பாரத்தின் எதிர்ப்பக்கம் ஈ அல்லது எஃப் பிடிக்க வேண்டும்.

---

நாலாம்_பெட்டி:

குவீன்ஸ் பிளாசாவில் இவ்வளவு லாபம் என்றால், ஆர் வண்டியையும் குவீன்ஸின் இன்னொரு பாதையான அஸ்டோரியாவுக்கு அனுப்பிவிட்டு லோக்கலை எம்முக்கே கொடுத்தால் 36ஆவது தெரு பாயிண்டும் போய்விடுமே?

---

பாயிண்ட்ஸ்மேன்:

ஆர் ஒரு காலத்துல அஸ்டோரியாவுலதான் இருந்துச்சு. அங்கேர்ந்து புரூக்ளின் பே ரிட்ஜ் 95ஆவது தெரு வரைக்கும். ரெண்டு முனையிலயும் யார்டு, அதாவது வண்டிய நிறுத்தி வைக்கற இடம், கிடையாது. காலையில வண்டிய வெளிய எடுக்கறதும், ராத்திரி கொண்டுபோய்ப் போடறதும், ரிப்பேருக்கு அனுப்பறதும் எல்லாமே அடுத்தவன் பாதையில காலியா ஓட்டித்தான். அதே சமயம் 'என்' (N) வண்டிக்கு ஒரு பக்கம் ஜமைக்கா யார்டு, இன்னொரு பக்கம் கோனி ஐலண்டு யார்டு, ரெண்டு கையிலயும் லட்டு. 1987 மே 24ல வடக்கு முனைய மாத்தினாங்க. 'என்' (N) வண்டி அஸ்டோரியாவுக்கு, ஆர் ஃபாரஸ்ட் ஹில்ஸுக்கு. ஆளுக்கு ஒரு யார்டு ஆச்சு.

இப்போ ஆரைத் திருப்பி அனுப்பணும்னா முதல்ல அதுக்கு ராத்திரி படுக்க இடம் வேணும். புரூக்ளின் 36ஆவது தெரு பக்கத்துல இருக்கற யார்டு வேலை வண்டிகளுக்கானது. பயணிகள் வண்டிய அங்க வச்சு தினமும் சோதிச்சு அனுப்பணும்னா அதுக்குத் தனியா கட்டணும். அதுவரைக்கும் குவீன்ஸ் 36ஆவது தெரு பாயிண்டு இருக்கத்தான் செய்யும்.